காத்திருப்பு மண்டபத்துச் சுவரில் முகமில்லாதவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதச் சொல்வது. நீ நன்றாக இரு. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அண்ணன் கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டான், எனக்குக் கண்ணும் காதும் சரியாகத்தான் இருக்கின்றன, நீ எழுதி அனுப்பிய புத்தகம் வந்த நாளிலிருந்து வயிறுதான் எரிகிறது. கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா வாசித்துச் சொன்னார், இதை எழுதுவதும் அவர்தான். நான் சொல்கிற சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார், அந்த இடங்களில் நீயே போட்டுக்கொள்.

ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் போன வருஷம், தபால்காரர்கள் நாற்பது நாள் வேலைக்கு வராத வருஷம், உன் அண்ணன் தவழ ஆரம்பித்த வருஷம், அந்த வருஷம்தான் ரயில் நிலையத்துக் காத்திருப்பு மண்டபத்தில் அந்தச் சுவர்ப்படம் வரையப்பட்டது. உன் புத்தகத்தில் ஏதோ ஒரு தேசத்துக் கல்ராஜாவின் மூக்கை யார் உடைத்தார்கள், என்ன பகையில் உடைத்தார்கள் என்று ஆறு பக்கம் துருவியிருக்கிறாய். ஒரு படத்தை அது பிறந்த ஊரோடும் ஆட்களோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய், அதைக் கேட்டு என் பிள்ளை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் சுவருக்கு வந்ததும் அரைப் பக்கம், வரைந்தவர் பெயர் தெரியவில்லையாம். யாருக்குத் தெரியவில்லை? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் நெய்க்கு அலைந்தவளே, வீட்டுக்கு ஒரு போன் போட விரல் வலித்ததா? வரைந்தவர் போர்டு எழுதுகிறவர், ஆள் குள்ளம், முக்காப்படி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். முக்காப்படியா இருந்தாலும் தலை தட்டாம அளப்பேன்டா என்பார். அந்த நீலம் உழைப்பவர்களின் துயரம் என்று எழுதியிருக்கிறாயே, அது வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். கான்ட்ராக்டர் சாயம் வாங்கித் தராமல் இழுத்தடித்தார், முக்காப்படி சலவைக்கடைக்காரரிடம் பல்லைக் காட்டி ஒரு டப்பா வாங்கி வந்தார். துயரமாவது, அன்றைக்கு மண்டபமே சிரித்தது.

அதையாவது விட்டுவிடுவேன். நடுவில் கெட்டிலோடு நிற்கிற பெண்ணுக்கு முகம் இல்லை, அதை இயந்திரங்கள் மனிதரின் முகத்தை அழித்துவிட்டன என்று காட்ட ஓவியர் திட்டமிட்டே வெறுமையாக விட்டார் என்கிறாய். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்களுக்கு டீ கொண்டுவந்த அக்காதான் அது. கெட்டிலோடு நிற்கச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, நாளைக்கும் சிரிச்சா கெட்டிலை மட்டும் வரைஞ்சிட்டுப் போயிடுவேன் என்று விரட்டி, முகத்தை மறுநாள் காலைக்குத் தள்ளினார் முக்காப்படி. சாரம் கட்டுவது என் வேலை. அன்று புதுக் கயிறு போதவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு வாரம் கிடந்த கயிற்றை அலசிக் காயவைத்து மேல்பலகைக்குக் கட்டினேன். சுண்ணாம்பு கயிற்றை உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று புதுசு போல இருக்கும். சாரம் கட்டுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது, எனக்கும் தெரியும், சீக்கிரம் சீக்கிரம் என்று கீழே இருந்து கத்தினார்கள், கட்டிவிட்டேன். மறுநாள் காலை முக்காப்படி ஏறி, தூரிகையை நனைத்து, அக்காவைப் பார்த்து இன்னைக்காவது என்று வாயெடுத்தார். கயிறு அறுந்து பலகை சாய்ந்துவிட்டது. விழுந்த மூன்றாம் நாள் போய்விட்டார்.

பேரு வெளியே வந்தா விசாரணை வரும், கயிறு கட்டினது யாருன்னு முதல்ல கேப்பாங்க, தவழுற பிள்ளையை வச்சிருக்கே பாத்துக்கோ என்று சூப்பர்வைசர் சொன்னார். வலது பக்கம் கீழ் மூலையில் முக்காப்படி முன்கூட்டியே போட்டிருந்த கையெழுத்தின் மேல் வெள்ளையடிக்கச் சொன்னார். அடித்தது நான். பெயர் தெரியாமல் போகவில்லை மகளே, அழித்தார்கள், அழித்த கையால்தான் உனக்குச் சோறு ஊட்டினேன். இவ்வளவு கோபம் யார் மேல என்று டைப்பிஸ்ட் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறார். நீங்க எழுதுங்கம்மா என்றேன். நீ கேட்கவில்லை, சரி, நான் மட்டும் வாயைத் திறந்தேனா?

அடுத்த மாதம் மறுபதிப்பு என்றாயே, அதற்குள் திருத்து. திட்டமிட்டு என்ற சொல்லை எடுத்துவிடு, கயிற்றைப் போடு, முக்காப்படியைப் போடு, கயிறு கட்டியவன் உன் அப்பன் என்பதையும் சேர்த்துப் போடு. உன் பேராசிரியருக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு வந்ததைவிடவா வந்துவிடும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, படிக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே, நீ நூறு வயது வாழ்ந்து நல்ல பெயர் எடுக்க வேண்டும், அதைப் பொய்யில் எடுக்காதே. நான் ஒரு தடவை மறைத்தவன், என் பேச்சை மட்டும் நம்பி எழுதிவிடாதே. வந்து அந்த மூலையைச் சுரண்டிப் பார். சூப்பர்வைசர் போய்விட்டார், கொத்தனார்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள், முக்காப்படியின் மனைவி போன மழைக்காலத்தில் போனார். அன்று அவர் விழுந்ததை நேருக்கு நேர் பார்த்து, இன்று வரை அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்காமல் பிளாட்பாரத்துக்கு நடக்கிற ஒருவர்தான் மிச்சம், டீக்கார அக்கா.

இப்படிக்கு,
சாரம் கட்டிய உன் அப்பா
(கைநாட்டு)