உன் கட்டிலில் நான் வைத்த வெந்நீர்ப் பை

இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததும் சூடான ரப்பர் வாடை. நர்ஸுகள் வெந்நீர்ப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை எனக்கு ஆகாது என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தவள் நீ ஒருத்திதான். நீ செத்துப்போய் இரண்டு மாதமாகிறதாம். பேத்துப்பாறையிலிருந்து பிரசவத்துக்கு வந்த உங்கள் ஊர்ப் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள்.

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கொடைக்கானல் குளிரில் அந்தப் பைதான் பாதி மருந்து. வேலை முடிந்தவள் அடுத்த நர்ஸ் பார்க்கும் நோயாளிகளின் கட்டில்களுக்கும் நிரப்பி வைப்பாள்; யாரும் கேட்டதில்லை, நன்றி சொன்னதுமில்லை. "எஞ்சோலி முடிஞ்சுருச்சு, வெரசா வாடி, ஒஞ்சோலியப் பாப்போம்" என்று வெந்நீர்க் கெட்டிலோடு ஓடிவருவாய்.

அன்று உன் கட்டிலுக்கு நிரப்பியது நான். வாரக்கணக்கில் மூடுபனி, பையின் மேல் போடும் கம்பளி உறை ஒன்றுகூடக் காயவில்லை. பிறகு துண்டு சுற்றிக்கொள்ளலாம் என்று பையை வெறுமனே அந்தக் கட்டிலில் கிடந்த அம்மாளின் காலடியில் வைத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, போனவள் மறந்தே போனேன். ஆபரேஷன் மயக்கம் தெளியாதவளுக்குச் சூடு எப்படித் தெரியும்? நீ போர்வையை விலக்கியபோது பாதம் வெந்து கொப்பளித்திருந்தது.

பெரிய சிஸ்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். "யாரு வச்சது?"

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். காத்திருந்தாய். தரையில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ சொன்னாய்: "எங் கட்டிலுங்க சிஸ்டர். எம் பொறுப்புதான்."

உன் வேலை போயிற்று; மறுநாள் பெட்டியோடு கிளம்பினாய். வாசல்வரை வந்த என்னிடம் கோபப்படவில்லை. "நீயும் சொல்லிருந்தா ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கிருப்போம். அம்புட்டுத்தான்டி" என்றாய். திட்டியிருக்கலாம் நீ.

அதற்குப் பிறகு எவளும் அடுத்தவள் கட்டிலைத் தொடவில்லை. குளிரில் பல் கிட்டிக் கிடப்பவர் கேட்டாலும், "ஒங்க நர்ஸு வருவாங்க" என்று தாண்டிப் போனார்கள். நானும் போனேன். பேத்துப்பாறைக்குப் போய் வர ஒரு நாள் போதும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். பயம். வேறென்ன?

இப்போது இந்த வார்டுக்குப் பொறுப்பு நான். போன வாரம் ஒரு நோயாளிக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்பதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தது, "யாரு குடுத்தது?"

சொல்லி முடிக்கவில்லை, மூன்று விரல்கள் ஒரு பெண்ணை நோக்கி நீண்டன. அந்த மூன்று பேரில் ஒருத்திதான் அவசரத்தில் மருந்தை எடுத்துக் கொடுத்தவள் என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி மேலே அனுப்பியிருந்தேன். திரும்ப வாங்கப் போகவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. உதவிக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டாள், இங்கே பார்த்துப் பிரயோஜனமில்லை என்று.