மணலில் நிற்காத உப்பு

புதுச்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அனஸுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். பாரிஸ் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. இது போனில் சொல்ல வாய் வராத விஷயம். அதனால்தான் தபாலில் வருகிறது.

அங்கே பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதம் வந்துவிடுவதாகச் சொன்னாய். நம் ஐஸ் ஃபேக்டரியை எடுத்து நடத்த வா, வா என்று நச்சரித்தவன் நான்தான். இப்போது நானே சொல்கிறேன், வராதே.

நம் ஃபேக்டரிக்குக் குழாயில் தண்ணீர் விடும் அந்தப் பிரெஞ்சுக்காரன் காலத்து நிலையத்தை மூடுகிறார்கள். அதன் கிணறுகளில் கடல் ஏறிவிட்டது. சேதி கேட்டு நேரில் போனேன். உனக்கும் காட்டியிருக்கிறேன்: வளைவு வளைவாக ஜன்னல், உயரத்திலிருந்து வெளிச்சம் இறங்கும் கண்ணாடி, நடைபாதைக்கு இருபுறமும் தண்ணீரை வடிகட்டும் மணல் தொட்டிகள். முதன்முதலில் இணைப்புக் கேட்டுப் போன அன்று, பள்ளிவாசல் மாதிரி இருக்கிறதே என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். வாட்ச்மேன் ராஜாங்கம், "போட்டுக்கினு வா பாய். இப்பதான் ஒரு அம்மா சிலுவை போட்டுட்டுப் போவுது. நாளைக்குத் தேங்கா உடைக்க ஒருத்தன் வருவான்" என்று சிரித்தார்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தொட்டிகள் வறண்டு, மணல்மேல் வெள்ளை பூத்துக் கிடந்தது. மணலை மாற்றினால் சரியாகாதா என்று கேட்டேன். "அழுக்குதான் பாய் மணல்ல நிக்கும். உப்பு நிக்காது" என்றார். கட்டடத்தை இடிக்க மாட்டார்களாம். விளக்குப் போட்டு வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவார்களாம். காட்டட்டும். தூணில் ஒரு விரிசல் கிடையாது, தண்ணீர்தான் கிடையாது.

கடைசியாக வந்த தண்ணீரில் ஐஸ் இறுகவே இல்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் அம்மாவாசை ஒரு துண்டை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "இன்னா பாய், ஐஸ் விக்கிறியா, கருவாட்டுக்கு உப்பு விக்கிறியா?" என்று மீன் ஏலக்கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். டேங்கர் தண்ணீர் வாங்கினால் கட்டுப்படியாகாது. உப்பு எடுக்கும் மெஷின் போட்டால் கடன் உன் தலையில் விழும். ஓடாத கடையின் சாவியை மகன் கையில் கொடுக்கிறவன் வியாபாரி இல்லை.

அம்மா உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறாள். நான் தடுத்தேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். நீயே போன் செய்து, வர மனமில்லை என்று சொல்லிவிடு. உன்மேல் வந்த கோபம் அவளுக்குத் தங்காது.

அல்லாஹ் உனக்கு அங்கேயே பரக்கத் தரட்டும். பெருநாளைக்கு மட்டும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. வந்த இடத்தில், இங்கேயே இருந்துவிடுகிறேன் அத்தா என்று மட்டும் சொல்லிவிடாதே. வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்ல என்னால் ஆகாது.

துஆவுடன்,
ஹிதாயத்துல்லா