அடைப்புக்குறி இல்லாத வெற்றி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளை அக்காவுக்கு முதல் சுற்று. டென்னிஸின் இந்தப் பெரிய போட்டியில் அவளுக்கு இது பதின்மூன்றாவது வருடம். முந்தைய பன்னிரண்டிலும் முதல் சுற்றிலேயே வெளியே. பெட்டியைப் பிரிப்பதற்குள் ஊர் திரும்பிவிடுவாள். இத்தோடு ஆட்டத்தை விடப்போகிறாள். போவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை.

என் பாடு அதைவிடச் சங்கடம். தொலைக்காட்சி வர்ணனையாளர்களுக்குச் சாதனைக் குறிப்பு எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாளை தோற்றால், முதல் சுற்றில் அதிக முறை தோற்றவள் என்ற சாதனை அக்காவுக்கு. எழுதிக் கொடுக்க வேண்டியவன் கூடப் பிறந்த தம்பி.

"எழுதுவியாடா?" என்றாள் போனில்.

"சம்பளம் வாங்கறேனே."

"எழுது. கூடவே ஒரு நல்ல போட்டோவாப் போடச் சொல்லு."

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெயித்துவிட்டாள். எப்படி என்று எழுதத்தான் கை கூசுகிறது. முதல் செட்டில் ஆறு கேமை விட்டு ஒரே ஒரு கேம் எடுத்தாள். இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றுக்குச் சைபரில் எதிராளிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கை குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். விதிப்படி வெற்றி அக்காவுக்கு. ஸ்கோருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'பாதியில் விலகல்' என்று போடுவோம்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"

அக்கா அப்படி நினைக்கவில்லை. "அவ முதுகு குடுத்த வெற்றிடா அது. அடைப்புக்குறி இல்லாம எனக்கு ஒண்ணு வேணும்."

ஆகஸ்ட் 27, புதன்

இன்றைய எதிராளி ஆடுகளத்துக்கே வரவில்லை. காய்ச்சலாம். 'ஆடாமல் முன்னேற்றம்'. அக்கா பந்தைத் தொடாமலே மூன்றாவது சுற்றில். இதை நாங்கள் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? அவளா போய்க் காய்ச்சலை வரவெச்சா?"

அப்புறம்தான் உறைத்தது. ஒரே ஒரு கேம் ஜெயித்து மூன்றாவது சுற்றுக்கு வந்தவர் வேறு யார்? தேடினேன். எங்கள் பதிவில் ஒருத்தர்கூட இல்லை. இப்படி ஒரு குறிப்பு எனக்கு இனி மாட்டாது. நாங்கள் வெண்கலத் தொண்டை என்று அழைக்கும் வர்ணனையாளர் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார். துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அடிக்கடி எடுத்துப் படித்துச் சிரித்தேன். நானெல்லாம் ஒரு தம்பி.

ஆகஸ்ட் 28, வியாழன்

அக்கா போனை எடுக்கவில்லை. நாளை ஆடப்போவது அவள், பத்து தடவை போன் போட்டவன் நான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எதிரே ஒரு பதினேழு வயதுப் பெண். இந்தப் போட்டிக்கு இதுதான் முதல் வருடம். அக்கா நன்றாகவே ஆடினாள். முதல் செட்டை நான்குக்கு ஆறு என்றுதான் விட்டாள். இரண்டாவதில் இரண்டுக்கு நான்கு என்று பின்தங்கியிருந்தபோது ஓரப் பந்துக்கு ஓடி, கணுக்கால் மடங்கி விழுந்தாள்.

மருத்துவர் வந்து கட்டுப் போட்டார். போதும் என்று கையைக் காட்டினார். நடுவரும் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போய் நின்றாள். எதுக்கு? ஜெயிக்கவா முடியும்? உட்காரேன்டி, உட்காரு — வர்ணனை அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நான் பாட்டுக்குப் புலம்புகிறேன். வெண்கலத் தொண்டை என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

அந்தப் பெண் பரிதாபப்பட்டுப் பந்தை மெல்லத் தட்டினாள். அக்கா வலைக்கு அருகில் போய் ஏதோ கடிந்து சொன்னாள். அதன்பின் அடி ஒழுங்காக விழுந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே மீதி இரண்டு கேமையும் ஆடித் தோற்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முனகிக்கொண்டேதான் ஸ்கோரைப் பதிவு செய்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் அக்கா மாவுக்கட்டுக் காலை என் சோபாவில் நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "என் கடைசி ஆட்டம் எப்படிடா பதிவாச்சு?"

"நாலுக்கு ஆறு, ரெண்டுக்கு ஆறு."

"பக்கத்துல?"

"ஒண்ணும் இல்ல."

"அது போதும். நான் பாதியில வந்திருந்தா அந்தச் சின்னப் பொண்ணுக்கும் அடைப்புக்குறிதானே? ரெண்டு கேம்தான் பாக்கி. முழுசா வாங்கிட்டுப் போகட்டும்னு நின்னேன்."

சட்டைப் பையிலிருந்த அந்தத் துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். கட்டுப் போட்ட கால் அதிரச் சிரித்தாள்.

"இதைப் போய் ஒளிச்சு வெச்சிருக்கியே, கூமுட்டை. யாரும் உடைக்க முடியாதில்ல?"

"ரொம்பக் கஷ்டம்."

"அப்ப இன்னிக்கே சொல்லச் சொல்லு."

மாலை, இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் வெண்கலத் தொண்டை அதை உலகத்துக்கே வாசித்தார். சற்று நேரத்தில் என் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். அக்கா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தாளாம்.