பாறைவீட்டுப் பிள்ளைகளின் அம்மா எங்கே போனாள்

மே 5, திங்கள்

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள். காலை எட்டு மணிக்கே திருச்சுழி பஸ்ஸில் கம்பியைத் தொட முடியவில்லை. இ-சேவை மையத்தைத் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். எல்லாருக்கும் வருமானச் சான்று, எல்லாருக்கும் இன்றைக்கே. பதினொரு மணிக்கு சர்வர் படுத்தது. ஒரு பெரியவர், "அத எழுப்பிவிடும்மா, எனக்கு ஒண்ணரைக்கு பஸ்ஸு" என்றார். எழுப்பத் தெரிந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
– மகள் யாழினியின் பள்ளியில் டி.சி. வாங்க வேண்டும். அடுத்த புதன் கடைசி நாள்.
– மதுரை மதினிக்கு போன். யாழிக்குப் புதுக் கட்டில் வேண்டாம், பாய் போதும் என்று சொல்ல.
– பிரிண்டர் மை.
– தோசை மாவு.

சாயங்காலம் பானு. காரியாபட்டிப் பக்கம் டீச்சர். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வீடு, கையில் ஒரு கட்டைப்பை. அவள் பள்ளி நூலகத்தில் கழித்துக் கட்டிய புத்தகங்களாம். பழைய பேப்பர்காரருக்குப் போக இருந்த கட்டுக்குள் ‘பாறைவீட்டுப் பிள்ளைகள்’! பன்னிரண்டில் ஒன்பது பாகம் இருக்கிறது. பானுவும் நானும் வசந்தியும் ஆறாம் வகுப்பில் அடித்துப் பிடித்துப் படித்தவை. முப்பது வருஷம் ஆகிறது.

சந்தோஷத்தில் மாவு வாங்க மறந்துபோனேன். உப்புமா. என் வீட்டுக்காரர் சரவணன் தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

மே 6, செவ்வாய்

போகும் பஸ்ஸில் பாதி, வரும் பஸ்ஸில் மீதி. முதல் பாகம் முடிந்தது.

கதை இவ்வளவுதான். அப்பா ஊர் ஊராகப் பாலம் கட்டுகிறவர். அம்மாவும் கூடவே போவாள். ஒவ்வொரு பாகத்திலும் முதல் பக்கத்தில் மூன்று பிள்ளைகளையும் மலையடிவாரத்தில் சித்தப்பாவின் பாறைவீட்டில் இறக்கிவிட்டு ஜீப் போய்விடும். பிறகு குகை, திருடன், புதையல். கடைசிப் பக்கத்தில் ஜீப் திரும்பும். மூத்தவள் மாலா எழுந்து நின்று வாங்கப்பா, வாங்கம்மா என்பாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். எங்கள் மாலா தைரியசாலி என்பார் அப்பா. முற்றும்.

அப்போது எனக்கு மாலா என்றால் உயிர். அவளை மாதிரியே இரட்டைப் பின்னல், அவளை மாதிரியே நடை. சின்னவள் தங்கத்தைக் கண்டால் எரிச்சல். ஆறு வயசு, குகைக்குள் திருடன் வரும் நேரம் பார்த்து “அம்மா எப்போ வருவாங்க?” என்று கேட்கும். உடனே அண்ணன் ரகு கேலி செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இன்று அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பக்கத்து சீட் அம்மா, கண்ணில் தூசியா தாயி என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். மையத்தில் நிற்க இடமில்லை. ஒரு பெண் கணக்கில் நூறு. அவள் அப்பா அழுதுவிட்டார். நூறு வாங்கியவள், "வாங்கப்பா, பாக்குறாக" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

‘பாறைவீடு’ என்று வாட்ஸாப்பில் குரூப் ஆரம்பித்திருக்கிறாள் பானு. மூன்றே பேர், சத்தம் முப்பது பேருக்கு. பானுவின் குற்றச்சாட்டு: ஒன்பது பாகம் தேடியும் சித்திக்குப் பேர் இல்லை. எல்லாருக்கும் தோசை சுட்டுக்கொண்டே இருக்கிறாள், பேர் வைக்கத்தான் எழுதியவருக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளைத் தள்ளிவிட்டுப் போன அப்பா அம்மாவைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்கிறாள். வசந்தி ரெடிமேட் கடைக்காரி, வாடிக்கையாளர் யாரையும் விட்டுக்கொடுக்காதவள். "பொழப்பப் பாத்தாத்தானடி சோறு. நம்மூர்ல புள்ளைய விட்டுட்டுப் போகாதவுக யாரு?" என்று கேட்டாள்.

என் வீட்டைத்தான் சொல்கிறாள் என்று மூவருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் அருப்புக்கோட்டையில், இப்போது நாங்கள் இருக்கும் இதே ஊரில், பெரியம்மா வீடு. எங்கள் பக்கம் இதெல்லாம் அதிசயமே இல்லை, வீட்டுக்கு ஒரு பிள்ளை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் வளரும். அப்பா மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்கு வரும்போது எட்டிப் பார்ப்பார், காராச்சேவுப் பொட்டலம் தருவார். அம்மா வரவில்லை. மூன்று மாதம் வரவே இல்லை. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. எழுதிவிட்டேன், யாரும் படிக்கப்போவதில்லை.

அப்படிப்பட்டவள் யாழியைப் படிக்க மதுரைக்கு அனுப்புகிறாயே என்றால், மதினி தங்கமானவர். சரவணனின் அக்கா, அவருக்கு அம்மா மாதிரி. அவர் வீட்டுப் பக்கத்திலேயே பெரிய பள்ளிக்கூடம். நானும் கெட்டா போய்விட்டேன்.

மே 10, சனி

மாம்பழம் இரண்டு கிலோ, பாதி புளிப்பு. வெயில் தாங்காமல் மதியம் தண்ணீர் தெளித்துத் தரையில் படுத்தோம்.

யாழி மூன்றாம் பாகம் படிக்கிறாள். திடீரென்று சிரிப்பு. என்னடி என்றேன்.

"இந்தத் தங்கம் சரியான லூசும்மா. எப்பப் பாத்தாலும் அம்மா, அம்மான்னு. மாலாதான் சூப்பர்."

மதுரைக்குப் போக உனக்கு உண்மையிலேயே இஷ்டமா என்று கேட்டேன். "போறேன்மா. ஒண்ணும் பிரச்சனை இல்ல." சிரித்த முகம். எழுந்து போய்த் தன் பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஸ்கூல் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்து வயசுப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காக மடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 12, திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு மையத்துக்கு அம்மா வந்தாள். ஊரில் என் தம்பியோடு இருக்கிறாள். விவசாயி அடையாள எண் பதிய வேண்டும். பட்டா கொண்டுவந்தாள், ஆதார் கொண்டுவந்தாள், போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும். தம்பி தோட்டத்தில். அவன் பார்த்துச் சொல்லும்வரை என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

யாழி மதுரைக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. போய்ச் சேர்ந்ததும் உடனே பார்க்கப் போகாதே, பிள்ளை ஏங்கிப்போகும் என்றாள். அந்த வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன், அதுவும் வரிசையில் நாலு பேர் நிற்கும்போது. நீ ஏன் என்னைப் பார்க்க வரவில்லை?

அம்மா கோபப்படவில்லை. பெரியம்மாதான் சொன்னார்களாம். விட்டுவிட்டுப் போன தாய் சீக்கிரம் முகம் காட்டினால் பிள்ளைக்கு ஏக்கம் தட்டும், சோறு இறங்காது, மூன்று மாதம் வராதே என்று. வாராவாரம் சந்தைக்கு வந்திருக்கிறாள். பெரியம்மா தெருவைத் தவிர்க்கச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நாள் எண்ணிக்கொண்டிருந்து ஆவணியில் வந்தாளாம்.

"ஓடி வந்து கட்டிக்கிருவேன்னு நெனச்சு வந்தேன். நீ புஸ்தகத்த மூடி வச்சிட்டு எந்திரிச்சு நின்னே. வாங்கம்மான்னே. உள்ள போயி செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தே. விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி."

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு சரியாகச் செய்தேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமை. அம்மா என்னைத் தைரியசாலி என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே எழுந்து போய்விட்டாள். அதிலிருந்துதான் என் கோபமே.

"எங்க அக்காவும் சொன்னாக, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல உன் மகள்னு. இவளுக்கு நம்ம வேணாம் போலன்னு நெனச்சேன் தாயி. அதுக்கப்பறம் வரவே வெக்கமா இருந்துச்சு."

அது ஒரு கதைப் புத்தகத்தில் இருந்ததம்மா, அதைப் பார்த்துத்தான் செய்தேன் என்றேன். எந்தப் புத்தகத்தில் என்று கேட்டாள். மாலாவை எப்படி விளக்குவது. அதற்குள் தம்பி போன் செய்து நம்பர் சொன்னான், பதிவு முடிந்தது.

வரிசையை நிறுத்திவிட்டு அம்மாவோடு பஸ் ஸ்டாண்டு போனேன். இரண்டு நன்னாரி சர்பத். பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்து, விசில் அடிக்கும்வரை ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நாற்பத்தொன்று. டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மே 13, செவ்வாய்

லேசாகத் தூறல், மண்கூட நனையவில்லை. புழுக்கம் இரண்டு மடங்கு.

சரவணனிடம் யாழி இங்கேயே படிக்கட்டும் என்றேன். அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "கதப் புக்கப் படிச்சிட்டு புள்ள படிப்ப நிறுத்துவியா ஜெயா?" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரியம்மா வீட்டில் படித்ததால்தான் நான் இன்று கம்ப்யூட்டர் முன்னால். அக்கா ஆசையாகக் கூப்பிடுகிறார். யாழியே சிரித்துக்கொண்டு போகிறேன் என்கிறாள், உனக்கு என்ன என்று கேட்டார். அவள் சிரிப்பதுதான் எனக்குப் பயம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தால்? என் பழைய கதையை அவள் தலையில் ஏற்றுகிறேனோ?

நாளை கடைசி நாள். காலையில் நானே போய் டி.சி. வாங்குவதாகச் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. மையத்துக்கு அரை நாள் லீவு.

மே 14, புதன்

ஒன்பதரைக்கு யாழியின் பள்ளி வாசலில் நான். ஆபீஸ் திறக்கவில்லை. வேப்பமர நிழலில் நிற்கும்போது பானுவிடமிருந்து போன். என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம், முந்தாநாளே சொல்லியிருக்க வேண்டுமாம். என் போனிலிருந்து நம்பர் எடுத்து, சரவணன் போனில் யாழி அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பானு பஸ்ஸிலேயே வாழ்கிறவள், அதனால்தான் அவளிடம் கேட்டிருக்கிறாள். பானுவோ, பிள்ளை ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறது என்று நினைத்துவிட்டாளாம். அதை எனக்கு அனுப்பினாள்.

"ஆன்ட்டி, நான் யாழினி. மதுரையிலருந்து அருப்புக்கோட்டைக்கு கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு? சின்னப் புள்ளங்க தனியா ஏறுனா கண்டக்டர் எறக்கி விட்ருவாங்களா? அம்மாகிட்ட சொல்லிராதீங்க ஆன்ட்டி. வருத்தப்படுவாங்க."

ஆபீஸ் திறந்தது. நான் உள்ளே போகவில்லை. ஆட்டோ பிடித்து சரவணனின் மோட்டார் கடைக்குப் போனேன். ஒருவர் கிணற்று மோட்டாருக்கு புட் வால்வு கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னாலேயே மெசேஜைப் போட்டுக் காட்டினேன். சரவணன் இன்னொரு தரம் போடு என்றார். இரண்டாம் தரமும் கடைசிவரை கேட்டார். பிறகு தானே மதுரைக்கு போன் போட்டார். "அக்கா, கோவிச்சுக்கிராத. புள்ள இங்கயே படிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து யாழியிடம் சொன்னேன், நீ போக வேண்டாம் என்று. எனக்கொன்றும் பயமில்லை, நான் போவேன் என்றாள். எனக்குத்தான் பயம், நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்றேன். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் உதடு கோணியது. அழுதாள், சத்தமாக, மூக்கு ஒழுக, ஆறு வயசுப் பிள்ளை மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து என்னாச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, அழுகிறாள் என்றேன். அழாதே என்று நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.