நாலு செம்புத் தண்ணீரும் கார்க் கதவும்

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேட்டில் போகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு வண்டி போன தடம் மாதிரி இருக்கிறது. நாலு மாதமாகத்தான் எழுதுகிறேன். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இந்த வயதில் ‘அ’ போட்டேன். ஸ்டியரிங் பிடித்தே காய்த்துப்போன கைக்கு ஒரு பென்சில் இத்தனை கனமாக இருக்கும் என்று யார் கண்டது? ஆனால் வந்துவிட்டது! பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரை இப்போது யாரையும் கேட்காமல் நானே வாசிக்கிறேன். வாசித்துவிட்டு, ஏறாமலேயே நின்று சிரிக்கிறேன்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எழுதி முடித்ததும் நானே சத்தமாக வாசிக்கிறேன், கேட்டுக்கொள்.

காலையில் பென்சில் சீவ பிளேடு தேடித் தகரப் பெட்டியைத் துழாவினேன். உன் பவுடர் டப்பா கையில் தட்டுப்பட்டது. மூடி துருப்பிடித்திருந்தது. திருகித் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, வாசனை மட்டும் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்ததும் எனக்கு அந்தக் கார் நினைவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், மழையைப் பார்க்கிறேன், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன்.

முதலாளியின் வாடகைக் கார்களில் ஒன்றை நான் ஓட்டிய காலம். நாகலாபுரத்துக் கல்யாணத்துக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனேனே, அந்த ஐப்பசி. பாதி வழியில் மழை கொட்டியது. ஊர் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் பெண்ணின் காலடியில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது. அரக்குப் பட்டு முழங்கால் வரை நனைந்திருந்தது. அந்தப் பிள்ளை அழுதது. அதன் தாய்மாமன் என் சட்டையைப் பிடிக்காத குறை.

“ஏம்ப்பா, காரக் கொண்டாந்தியா, கம்மாயக் கொண்டாந்தியா?”

மறுநாள் முதலாளி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம். “வார ஞாயித்துக்கெழம நான் புதூருக்குப் போணும். என் வேட்டியில ஒரு சொட்டுப் பட்டுச்சுன்னா, சாவிய வச்சிட்டு நீ ஒன் வழியப் பாரு” என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத டிரைவரை வேறு யார் வைப்பார்கள்? வேப்பமரத்தையும் பாலத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் போனவன் நான். அவர் ஒருவர்தான் அதைப் பெரிதாக எடுக்காதவர். அந்தச் சாவி போனால் நம் அடுப்பு போனது மாதிரி. அதனால் வெறி பிடித்தவன் போல அடைத்தேன். முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரில் மெழுகு தேய்த்தேன். கூரை ஓரமெல்லாம் தார் பூசினேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திக் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தேன். எங்கே அடைத்தாலும் உள்ளே நனைந்தது.

மூன்றாவது குடத்தை எடுக்கும்போது நீ வந்து கையைப் பிடித்தாய்.

“இங்கன என்ன ஆறா ஓடுது? அடிகுழாயில வரிசையில நின்னு இடுப்பொடியக் கொண்டாந்த தண்ணிய இப்பிடி ஊத்துதீங்க!”

“சாவி போயிரும் புள்ள.”

“குடத்தக் கீழ வைங்க. செம்ப எடுங்க.”

காருக்குள் கிடந்த பாய், சாக்கு, கால்மிதி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னாய். தரையைத் துடைத்துக் காயவிட்டாய். பிறகு வீட்டுக்குள் போய் இந்தப் பவுடர் டப்பாவைக் கொண்டு வந்தாய். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஒரு விரல் தொட்டுப் பூசுவாயே, அதைக் கார்த் தரையிலும் கதவுகளின் உட்புறத்திலும் தட்டித் தட்டித் தூவினாய். ஈரம் வந்தால் வெள்ளையில் கோடு தெரியும் என்றாய்.

“மாவு தூவலாம்லா?” என்றேன்.

“மாவு இருந்தா ஒங்களுக்குத் தோச சுட்டுருக்க மாட்டனா?”

நீ உள்ளே உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொண்டாய். நான் வெளியே. ஒரு தடவைக்கு ஒரு செம்பு. மேலே ஊற்றப் போனேன், உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாய். “மேல ஊத்துனா எல்லாத்து மேலயும் ஓடும். எங்கன நுழைஞ்சதுன்னு எப்படித் தெரியும்? கீழ இருந்து வாங்க.” ஊற்றுகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று, ஊற்றும் இடத்துக்குக் கீழே ஒரு அலுமினியச் சட்டியையும் வைக்கச் சொன்னாய். ஆட்டுக்கு ஆகுமாம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, உனக்கு இல்லை.

பின் கதவு ஒன்றின் கண்ணாடியில் நாலாவது செம்பை ஊற்றியபோது நீ கத்தினாய்.

“வருது, வருது! மேல இருந்து இல்ல. கதவுக்கு அடியில இருந்து ஊறி வருது!”

அத்தோடு விட்டிருந்தால் நான் அங்கேயும் தாரைப் பூசியிருப்பேன். நீ இறங்கி வந்து சட்டியைப் பார்த்தாய்.

“நாலு செம்பு ஊத்துனீங்க. சட்டியில ஒரு செம்பு கூட இல்ல. மிச்சம் எங்க?”

“உள்ள போயிருச்சு.”

“உள்ள அரச் செம்பு கூட வரல.”

கதவைத் திறந்து ஆட்டினாய். ‘குளுக் குளுக்’ என்று சத்தம் கேட்டது. “கதவு செனையாடு மாதிரி இருக்கு” என்றாய். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதவன் போல நின்றேன்.

கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைக்கும்போது அது எனக்குத் தெரியாது. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி அந்த ஓட்டைகள் வழியாக ஏறி வந்து முதலாளியின் வேட்டியைக் கறுப்பாக்கியது. துணியைக் கிழித்துத் தாரில் நனைத்து எட்டு ஓட்டைகளையும் நானே அடைத்தேன். புழுதி நின்றது, முதலாளி மெச்சினார், எப்படி என்று கேட்கவில்லை. மழை வந்தபோது நான் அடைத்ததே எனக்கு நினைவில்லை. நம் ஊரில் மழை வருவதை யார் நினைத்து வைத்திருக்கிறார்கள்?

நீ தரையில் மல்லாந்து படுத்தாய். கொண்டை ஊசியை உருவி, கதவுக்கு அடியில் விட்டு ஒரு இழு இழுத்தாய். கறுப்புத் தண்ணீர் உன் முகத்திலேயே பீச்சி அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த கந்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தாய்.

“இது என் ஊதாச் சேலைல்லா! எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னீங்க?”

“எலிதான்.”

“அந்த எலிக்கு லைசென்ஸ் இருக்கோ?”

தெருவே சிரித்தது. எட்டையும் நீயே பிடுங்கினாய். “ஆடியில அடைங்க, ஆவணி முடியயில எடுத்துருங்க” என்றாய். அவ்வளவுதான் வைத்தியம். பவுடர் டப்பா காலி. நான் வேறு வாங்கித் தரவில்லை, நீயும் கேட்கவில்லை.

எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். மழை விடவில்லை. இனி எழுத வேண்டியதுதான் கை ஓடாத இடம்.

ஞாயிற்றுக்கிழமை புதூர் போய்த் திரும்பும் வரை மழை. முதலாளியின் வேட்டியில் ஒரு சொட்டு இல்லை. கார் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, “என்னலே மந்திரம் பண்ணுன?” என்று கேட்டார். நீ சோற்றுத் தூக்குச்சட்டியோடு மூன்று அடி தள்ளி நின்றாய். நான் சொன்னேன்: “செல்லையா அண்ணாச்சி ஓட்டுன காலத்துலயே கதவு ஓட்டைய அடச்சு வச்சிருக்காரு மொதலாளி. நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்.”

செல்லையா எனக்கு முன்னால் அந்தக் காரை ஓட்டியவர். லாரிக்குப் போனவர். அவர்தான் என்னை முதலாளியிடம் சேர்த்துவிட்டவரும்.

அன்று வீட்டில் சோறு போட்டாய். நான் கை கழுவும்போது கேட்டாய்.

“என்னையச் சொல்லல, போகட்டும். செல்லையா அண்ணாச்சி ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?”

“அடச்சது நான்னு தெரிஞ்சா சாவி போயிரும்னு பயந்துட்டேன்.”

“இப்பம் சாவி மடியில இருக்குல்லா? போய்ச் சொல்லிருங்க.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு வருடம் கழித்து லாரி வேலை போய், செல்லையா திரும்பவும் முதலாளியிடம் கார் ஓட்டக் கேட்டு வந்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, “ஓட்டைய அடைக்குற ஆளுக்கு எங்கிட்ட காரு இல்லய்யா” என்றார். செல்லையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கண்ணாடியையே துடைத்தேன். “வாரேம்ப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதை உன்னிடம் சொன்னபோது இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. அதன் பிறகு மழை பிடித்தால் ஒரே கேள்விதான்: “சொல்லியாச்சா?” வருடத்துக்கு நாலு மழை, நாலு கேள்வி. கட்டிலோடு நீ கிடந்த கடைசி ஐப்பசியிலும் ஓட்டில் மழைச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து அதையே கேட்டாய். நான், “சொல்லிட்டேன்” என்றேன்.

“நல்லது” என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் சொல்லவில்லை. நீ போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் இனிச் சொல்ல வழியில்லை. செல்லையா இருக்கிறார். கயத்தாற்றில் மகனுடைய டயர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். போன கோடையில் பஸ் ஏறிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். மழை தண்ணி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு வாய் வராது.

தாளில் வரும் என்று இப்போது தெரிந்துவிட்டது. போன வாரமே மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதி வைத்தேன். வாத்தியாரம்மாவிடம் கூடக் காட்டவில்லை. உனக்கு வாசிக்கிறேன்: “செல்லையா அண்ணாச்சிக்கு. கார்க் கதவின் ஓட்டையை அடைத்தவன் நான். கண்டுபிடித்தவள் என் மனைவி. முதலாளியிடம் உங்கள் பெயரைச் சொன்னவனும் நான். அதனால்தான் உங்களுக்குக் கார் கிடைக்கவில்லை.” நாலு வரிதான். கடைசி வரிக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுதும் போனது.

அந்தத் தாள் உன் பவுடர் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, காற்றில் பறக்காமல். சனிக்கிழமை கயத்தாறு பஸ்ஸை நானே பெயர் வாசித்து ஏறுவேன். அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசித்து முடிக்கும் வரை எதிரே நிற்பேன். டீ வேண்டாம் என்பேன். திட்டினாலும் அடித்தாலும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும், அதை அப்படியே அடுத்த வாரம் இதே பென்சிலால் உனக்கு எழுதுகிறேன்.

அதுவரை, சொல்லிட்டேன் என்று நான் சொன்னதை நம்பாதே.