வால்வு அசையாத காப்பிப் பாத்திரம்

மச்சான்,

என் மேசையில் ஒரு சிறிய அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. கீழே தண்ணீர், நடுவில் காப்பித் தூள். அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணீரைத் தூள் வழியாகத் தள்ளி, மேலறையில் கெட்டிக் காப்பியாகச் சேர்க்கும். கழுவி ஒரு வாரம் ஆகியும் இதில் கருகிய ரப்பர் வாசம் போகவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறும்போதெல்லாம் எழுந்துபோய் என் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இதை உன் மகளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நீ கண் மூடிய பிறகு அங்கேயே வீடும் வாங்கிவிட்டாள். “எஸ்பிரெசோ குடிக்கணும் மாமா, ஆனா மெஷின் வெல கேட்டாலே தூக்கம் போயிரும்லா” என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். ஈப்போவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பேரங்காடியில் பார்த்த பாத்திரத்தின் விலை என் கைக்கு எட்டவில்லை. பழைய பாத்திரக்கடை ஒன்றில் அதே உருவத்தில், கால் பங்கு விலையில் இது கிடைத்தது. இரண்டு பேரிடம் கேட்காமல் செய்தியில் ஒரு வரி எழுதாத நான், இதைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. போதாததற்கு ஓர் அட்டையும் வைத்தேன்: “உன் அப்பாவைப் போலத் தூளை நன்றாக அமுக்கிப் போடு.”

நீ அமுக்குவாயே. பத்திரிகை அலுவலக இருட்டறையில், படம் கழுவும் மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் உன் பித்தளை ஃபில்டர். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்துவாய். “காத்து போகக்கூடாது மச்சான். அப்பதான் டிகாஷன். இல்லாட்டி அரிசி கழுவுன தண்ணி.”

புதுமனை புகும் நாளில், மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தாள். பத்தரைக்குப் பால் காய்ச்சுவார்கள்; அதுவரை புது அடுப்பில் வேறெதுவும் ஏறாது. “பால் பொங்குனதும் உங்க பாத்திரம்தான் மாமா.” அன்று காலை ஒன்பது மணிக்கு, மாற்று ரப்பர் வளையம் வாங்க அதே கடைக்குப் போனேன்.

“அந்தப் பாத்திரமெல்லாம் திருப்பி அனுப்பிட்டோம்லா அண்ணே,” என்றார் கடைக்கார அக்கா. “ஒரு வீட்ல வெடிச்சிருச்சு. பக்கத்துல சின்ன வால்வு இருக்குல்ல, ஆவி மிஞ்சுனா அதுதான் தொறக்கணும். இதுல அசையவே மாட்டேங்குது.”

“தூள அமுக்கிப் போட்டா?”

“அமுக்கவே கூடாதுண்ணே. ஆவி எங்க போவும்? யாருக்குக் குடுத்தீங்க?”

காருக்கு ஓடினேன். உன் மகளின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த வீட்டில் வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. வழியில் கோப்பெங்கில் ஒருமுறை அழைத்தேன். பிறகு எத்தனை முறை என்று தெரியாது.

சுங்காய் ஊர்ப்பலகையைப் பார்த்ததும் நாம் இருவரும் செய்திக்குப் போன அந்தத் தோட்டம் நினைவுக்கு வந்தது. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டில் அடுப்பு வெடித்து ஒரு பெண் காயப்பட்டிருந்தாள். எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று அவள் கணவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கேமராவைத் தூக்கவே இல்லை. “மூஞ்சிய எடுக்கமாட்டேன் மச்சான். ஆபீஸ்ல கேட்டா ஃபிலிம் சிக்கிருச்சுன்னு சொல்லிரு.” அன்று எனக்கு உன்மேல் எரிச்சல்தான். இப்போது அந்தப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் உன் மகளின் முகம் வந்தது. காரை ஓரம் கட்டினேன். நிற்கவும் பயமாக இருந்தது. மறுபடி ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. உள்ளே சிரிப்புச் சத்தம். காலணியோடு ஓடினேன். “யாருலா இது, பால் காய்ச்சுன வீட்டுக்குள்ள சப்பாத்தோட?” என்று யாரோ கத்தினார்கள். சமையலறையில் உன் மகள் பாத்திரத்தின் மேல்மூடியைத் திறந்துவைத்து, காப்பி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. ரப்பர் வளையத்தின் ஓரத்தில் சீறல் மட்டும். தோளைப் பிடித்து இழுத்தேன். எரிவாயுவை அடைத்தேன். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

“என்ன மாமா ஆச்சு உங்களுக்கு? நீங்க எழுதுன மாதிரிதானே அமுக்குனேன்?”

“ஆமாம்மா. தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

பாத்திரம் ஆறிய பிறகு வால்வை ஆணியால் குத்திக் காட்டினேன். அசையவில்லை. அவளும் ஆணியை வாங்கிக் குத்திப் பார்த்தாள். பிறகு என் கையில் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்து, “ஒண்ணும் ஆவலல்ல, விடுங்க மாமா” என்றாள். பால் தரையில் சிந்தியது.

அவள் சொன்னது உண்மை. ஒன்றும் ஆகவில்லை. நடக்காத ஒன்றை எந்தப் பத்திரிகைக்கும் எழுத முடியாது என்பதால் உனக்கு எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள், மச்சான். இப்போதெல்லாம் தினமும் அழைக்கிறாள். திரையில் அவள் பெயர் தெரிந்ததும் எடுத்துவிடுகிறேன். ஆனால் பேசுவது அவள்தான், அவள் எண்ணிலிருந்து கெட்ட செய்தி சொல்ல வேறு யாரோ இல்லை என்று காதில் கேட்கும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை.