அத்தான், உங்கள் துப்பாக்கிகளில் வெல்டிங் வைக்க நான் விடவில்லை

என் மனம் நிறைந்த அத்தானுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் துப்பாக்கிகள் ஊரார் பார்வைக்கு வந்துவிட்டன. ஒன்பதும் வந்துவிட்டன. நம் தச்சநல்லூர் அரிசி மண்டியில், மூட்டை அடுக்கியிருந்த அதே கூடத்தில், தேக்குத் தாங்கிகளில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் குழலிலும் துளை போடவில்லை, ஒன்றிலும் வெல்டிங் வைக்கவில்லை. உங்கள் மாமன் மகள் ஜெயித்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி ஏதோ கிடந்ததே, நினைவிருக்கிறதா? கடப்பாரை என்று நினைத்து இழுத்தேன். நீங்கள் பதறி ஓடிவந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அதை இரண்டு கையாலும் தூக்கினீர்கள். அன்றைக்கே அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி ஒரு ஜமீன் வீட்டுப் பரணிலிருந்து வந்தாள். ஒருத்தி குலசேகரன்பட்டினத்தில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறப்போன நேரத்தில் உங்கள் கண்ணில் பட்டாள். பாளையக்காரர் ஆட்கள் பிடித்தது, கும்பினிப் பட்டாளம் பிடித்தது என்று எதிரெதிரே நின்றவர்கள் எல்லாம் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒற்றுமையாகப் படுத்துக் கிடந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் உங்களுக்கு அந்தப் பேச்சுத்தான். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தியல் பாயும். அதன் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி பறந்து வெடிமருந்துக் கிண்ணத்தில் விழும். அங்கே பற்றிய நெருப்பு, பற்றுவாய் என்கிற அந்தச் சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் போகும். நீங்கள் சுட்டு முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போகும். நான் காதில் வாங்காததுபோல் இருப்பேன். எல்லாம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது அத்தான்.

ஊர்ப்பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரி ஒரு கூடத்தில் இவற்றை நிறுத்த வேண்டும் என்பது உங்கள் ஆசை. உரிமமெல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தீர்கள். ஆனால் பொதுஜனம் பார்க்க வைப்பதென்றால் துப்பாக்கி வெடிக்கக்கூடாது, அதற்குக் குழலில் துளை போட்டு வெல்டிங் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். "வெல்டிங் வச்சா அது துப்பாக்கி இல்ல, அடிபம்பு குழாய்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தீர்கள். ஆசையையும் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பெங்களூரிலிருந்து செந்தில் வந்தான். "அம்மா, வாங்குறதுக்கு ஆள் இருக்கு. ஆளுக்கொன்னா எடுத்துக்கிடுவாங்க. நீ ஒத்தையில இதை வச்சிக்கிட்டு என்ன செய்யப்போற?" என்றான். நம் பிள்ளை கெட்டவன் இல்லை, என்னை நினைத்துத்தான் சொன்னான். ஆனால் ஆளுக்கொன்றாகவா? சக்களத்திகளாக இருந்தாலும் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இல்லையா? பிரித்து அனுப்ப மாட்டேன், மண்டியில்தான் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டேன்.

உரிமத்தை என் பேருக்கு மாற்ற நான் ஏறி இறங்காத படி இல்லை. அது முடிந்ததும் துப்பாக்கிகளைச் சோதிக்க ஆயுதப் பிரிவிலிருந்து ஓர் ஏட்டையா வந்தார். மரியாதையான மனுஷர். ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யம்மா, குழல்ல ஒரு ஓட்டை, பின்னால ஒரு வெல்டிங். அரை நாள் சோலி. அது முடிஞ்சிட்டுன்னா நீங்க தாராளமா வைக்கலாம்" என்றார். அன்று சாயங்காலம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெல்டிங் வைத்தால் உங்களுக்குத் துரோகம். வைக்காவிட்டால் உங்கள் ஆசை மண்ணோடு போகும். எந்தப் பக்கம் போனாலும் உங்களைத் தோற்கடிப்பவள் நானாக இருக்கிறேனே என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் நம் ஆற்றங்கரைக் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா வந்தது. அங்கே வெடிக்கார மாடனுக்குச் சிலை கிடையாது, பீடத்தில் சாத்தியிருக்கும் ஒரு துப்பாக்கிதான் சாமி. அதைச் சொல்லித்தானே உங்களுக்கும் உங்கள் பங்காளித் தம்பி சுடலைமுத்துவுக்கும் பேச்சுவார்த்தை நின்றது? கொடைக்குக் கொடை சந்தனமும் மஞ்சணையும் எண்ணெயும் அப்பி அப்பி, ஒரு தடவைகூடச் சுரண்டாமல், "சாமிங்குற பேர்ல நல்ல இரும்பைக் கொல்லுதியலே" என்று நீங்கள் சத்தம் போட்டதும், "சாமியைக் குளிப்பாட்ட நீ யாருலே?" என்று சாமியாடியான அவர் எகிறியதும், படைப்புச் சோறு வாங்காமல் நீங்கள் திரும்பி வந்ததும் எனக்கு மறக்கவில்லை.

மதியக் கொடையில் சுடலைமுத்து அந்தத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து ஆடிக்கொண்டு வந்தார். மேளம் காதைப் பிளக்கிறது. குலவை போட வேண்டிய நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். குதிரை இருக்கும் இடம் தெரிகிறது, கிண்ணம் இருக்கும் இடம் தெரிகிறது, ஆனால் பற்றுவாயைக் காணோம். எத்தனை தலைமுறைச் சந்தனமோ, கல்லாக இறுகி மூடிக் கிடக்கிறது.

சாமி மலையேறி, அவர் இளநீர் குடித்து ஓய்ந்து உட்காரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில் அழுத்திப் பார்த்தேன். ஊக்குதான் வளைந்தது.

"என்ன மதினி இது? சாமிக்கு ஊசியா போடுதிய?" என்று சுடலைமுத்து பாய்ந்து வந்தார்.

"இல்ல கொழுந்தனாரே, உங்க அண்ணனுக்கு ஒரு வழி கேக்குதேன்" என்றேன். முழுக்கதையையும் சொன்னேன். "அண்ணன் அன்னைக்குச் சோறு வாங்காமப் போனது இன்னும் நெஞ்சுல நிக்கி மதினி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே ஏட்டையாவிடம் போனேன். "ஏட்டையா, பத்துவாய் ஓட்டை அடைஞ்சிட்டா வெடிக்குமா?"

"நெருப்பு உள்ள போவாட்டா எப்படிம்மா வெடிக்கும்?"

"அப்போ அந்த ஓட்டையிலயும் குழல் வாயிலயும் அரக்கை உருக்கி ஊத்துதேன். மேல உங்க ஆபீஸ் முத்திரையைக் குத்துங்க. ஓட்டுப் பெட்டிக்கு அதைத்தான வைக்கிய? முத்திரை உடைஞ்சா என்னையப் பிடிங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மேல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மேலே கேட்டார்கள், அதற்கும் மேலே கேட்டார்கள். வெல்டிங்குக்குத் தலையாட்டியவர்களால் தங்கள் சொந்த முத்திரையை எப்படி வேண்டாமென்று சொல்ல முடியும்? அவ்வப்போது வந்து சோதிப்போம் என்கிற நிபந்தனையோடு கையெழுத்து விழுந்தது. அரக்கைச் சூடு காட்டினால் இளகி வந்துவிடும், இரும்புக்கு ஒரு கீறல் இல்லை. இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? என்னைத் தூக்கிச் சுற்றியிருப்பீர்களா, இல்லை அரக்கு எந்தக் கடையில் வாங்கினாய் என்று விசாரணை போட்டிருப்பீர்களா?

திறப்பு விழா அன்று வெயில் கொளுத்தியது. மேலப்பாளையத்திலிருந்து உங்கள் நெசவுக்கார நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மண்டியை இரண்டாக்கினார்கள். பத்து மணிக்குத் தெருமுனையில் மேளச் சத்தம். பார்த்தால் சுடலைமுத்து, பங்காளிகள் அத்தனை பேரோடும், கையில் சந்தனக் கிண்ணத்தோடும் வருகிறார். உள்ளே நுழைந்தவர் வரிசையைப் பார்த்து, "எல்லாம் இப்படி வெறும் மேலோட நிக்கே மதினி" என்று வருத்தப்பட்டுச் சந்தனத்தைக் குழைக்கத் தொடங்கிவிட்டார். ஏட்டையா அலறாத குறை.

"கொழுந்தனாரே, இரும்புல வேண்டாம், பலகையில வைங்க" என்றேன். ஒரு கணம் முறைத்தார். பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கீழே, பேர் எழுதிய பலகையின் மூலையில், ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனார். கடைசிப் பலகையில் உங்கள் பேர் இருந்தது. அதன் முன்னால் நின்று இலையில் கொண்டுவந்திருந்த படைப்புச் சோற்றை வைத்தார். "இப்ப வாங்கிக்கோ அண்ணே" என்றார். அங்கே ஒருத்தர் கண்ணும் காயவில்லை அத்தான்.

விற்கச் சொன்ன நம் பிள்ளை என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? விடிந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே நின்றான், பாதிக்கு மேல் தப்பும் தவறுமாக. கிண்ணத்தைக் காட்டிக் குதிரை என்றான். நான்தான் போய்த் திருத்தினேன். பொறி எங்கே பறக்கும், நெருப்பு எப்படிப் போகும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "உனக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்றான். "உங்கப்பா சோறு தின்ன நேரமெல்லாம் இதுதான்டா பாடம்" என்றேன்.

அப்போது ஒரு சின்னப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆச்சி, இதெல்லாம் யாரு சேத்தா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னேன்: "சேத்தது எங்க வீட்டய்யா. வெடிக்காம நிறுத்தி வச்சிருக்கது நானு."

வாக்குத் தருகிறேன் அத்தான். என் மூச்சு இருக்கும்வரை இந்த ஒன்பதில் ஒன்று வேறு கூரைக்குப் போகாது. எனக்குப் பிறகும் போகாது. மண்டிச் சாவியில் ஒன்றை நேற்று செந்தில் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

சக்களத்திகள் ஒன்பது பேரையும் கட்டி மேய்க்கும்,
உங்கள் மாமன் மகள்
சண்பகவல்லி